அம்மா அகப்பை என்று சொன்ன வாத்தியம்

ஜூன் மாதக் கடைசியில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் பூங்காக் குளத்துக் கனடா வாத்துகள் இறகு உதிர்க்கத் தொடங்கும். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்த வருகிறவர்கள் இறகையும் எச்சத்தையும் விலத்தி விலத்தி நடப்பார்கள். ரஞ்சனா மட்டும் குனிந்து பொறுக்குவாள். ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடிப்பாள். தண்டை விரலால் வளைத்துப் பார்ப்பாள். மனதுக்குப் பிடிக்காவிட்டால் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவாள். பிடித்தது கைப்பைக்குள் போகும்.

ஒருநாள் அந்த வழியால் வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா நின்று பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, தலையணை தைக்கப் போறீரோ?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி, பாட்டுக்கு."

அந்த அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ரஞ்சனாவின் தாய் தவநாயகியைத் தேடிப்பிடித்து, "உங்கட மூத்தவ சுகமாத்தானே இருக்கிறா?" என்று விசாரித்திருக்கிறார்.

ரஞ்சனாவின் தங்கை கஜந்தினி அன்று அக்காவோடு குளக்கரையில்தான் நின்றாள். பத்து வயது இளையவள். "அக்கா, ஆக்கள் பாக்கினம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"பாக்கட்டும். இப்பிடி ஒரு இறகு கடையிலை கிடைக்காது."

கிடைத்த இறகுகளை வீட்டில் கழுவிக் காயவைத்து, புருவம் திருத்துகிற சின்னக் கத்தரிக்கோலால் தூவியை நறுக்கி எறிந்து, நகம் அராவுகிற அரத்தால் தண்டின் நுனியைத் தேய்ப்பாள். மிஞ்சுவது பல்லுக்குத்தும் குச்சியைவிடக் கொஞ்சம் நீளமான, வளைந்துகொடுக்கிற ஒரு துண்டு. அதைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து லூட்டின் நரம்புகளை மீட்டுவாள்.

லூட் என்பது ஐரோப்பாவில் ஆறேழு நூற்றாண்டுகளுக்கு முன் பாட்டுக்காரர்கள் மடியில் வைத்து வாசித்த நரம்பு வாத்தியம். பேரிக்காயை நெடுக்காகப் பாதியாக வெட்டியதுபோல் உடல், அதிலிருந்து ஒரு குட்டைக் கழுத்து. கழுத்தின் நுனி முறிந்து பின்பக்கம் விழுந்ததுபோல மடிந்திருக்கும். பதினொரு வருடங்களுக்கு முன் அது வீட்டுக்குள் வந்த அன்று தவநாயகி அதை மேலும் கீழும் பார்த்தார். "இதென்னடி, காம்பு முறிஞ்ச அகப்பை?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு அகப்பை என்றுதான் பெயர்.

ரஞ்சனாவுக்கு முப்பத்தைந்து வயது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் மணப்பெண்களுக்குச் சேலை உடுத்துவதும் அலங்காரம் செய்வதும் அவளுடைய தொழில். லண்டனில் பிறந்த பெண்களில் பலர் கல்யாணத்தன்றுதான் முதன்முதலாகக் கூறைச் சேலையின் முழுப் பாரத்தையும் சுமக்கிறார்கள். அதை நாள் முழுக்க அவிழாமல், நடக்கும்போது தடக்காமல் உடுத்திவிட ரஞ்சனாவை விட்டால் ஆளில்லை என்று தூரத்துச் சட்டனிலிருந்துகூட வந்து கூட்டிப்போவார்கள். வேலை செய்யும்போது உதடுகளுக்கு நடுவில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் இருக்கும். ஊக்கு வாயிலிருந்து எடுபட்டதும் கஜந்தினிக்கு ஒருமுறை சொன்னாள்: "உடுத்தினது தெரியக்கூடாது. பெட்டை தெரியவேணும்."

கஜந்தினி அந்த வசனத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வாள். அவளுக்குத் தன் வேலையைப் பற்றி அப்படி ஒரு வசனம் சொல்லத் தெரியாது.

அவள்தான் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் நிற்கிற படம் வரவேற்பறையில் ரீவிக்கு மேலே பெரிதாக மாட்டியிருக்கிறது. இப்போது கவுன்சிலில் வீட்டு உதவிப் பிரிவில் தற்காலிக வேலை. வேலை முடிந்து வந்து அந்தப் படத்துக்குக் கீழே இருந்து சாப்பிடும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சந்தேகம் வரும்: இது நான் படித்ததற்காக மாட்டிய படமா, அக்கா படிக்காமல் விட்டதற்காக மாட்டிய படமா? ரஞ்சனா பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவள். அதற்கு முன்பு வீணையையும் விட்டவள்.

அந்த வீணைக் கதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசாத கதை.

ரஞ்சனா ஒன்பது வயதில் வீணை பழகத் தொடங்கினாள். ஆசிரியை இருந்தது சட்டனில். பார்க்கிங் லண்டனின் ஒரு கரை என்றால் சட்டன் மறுகரை. அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் சனிக்கிழமை ஷிப்ட். அதனால் தவநாயகியே ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளை ஒரு கையிலும் வீணையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ரயிலேறுவார். டிஸ்ட்ரிக்ட் லைனில் விக்டோரியா வரை, அங்கே மாறி இன்னொரு ரயில். வெள்ளிக்கிழமை இரவு முழுக்கச் சாண்ட்விச் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்த கால்கள். ஆனாலும் ரயிலில் இருக்கமாட்டார். இருந்தால் போகிறவர் வருகிறவர் வீணையில் இடித்துவிடுவார்கள் என்று கதவோரம் நின்று, ஒரு பிள்ளையைப்போல அதை நெஞ்சோடு சாத்திப் பிடித்துக்கொள்வார். மகளை மட்டும் இருத்துவார். ஏழு வருடம் அப்படியே போனது.

அரங்கேற்றத்துக்கு மண்டபம் பதிந்து, அழைப்பிதழும் அச்சடித்த பிறகு, பதினாறு வயது ரஞ்சனா ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்பவில்லை. "எனக்கு ஏலாது அம்மா" என்றாள். 

தவநாயகி ஏசவில்லை, அழவில்லை. வீணையைப் பழைய கட்டில் விரிப்பில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். அதோடு இன்னொன்றும் செய்தார். அதை அவர் வேண்டுமென்று செய்தாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து வீட்டில் எங்கே பாட்டுக் கேட்டாலும் அவர் கதைக்கத் தொடங்கிவிடுவார். ரீவியில் பாட்டுப் போட்டி நடந்தால் கத்தரிக்காய் விலையைப் பற்றி. கோயிலில் தேவாரம் நடந்தால் பக்கத்தில் நிற்பவரின் முழங்கால் வலியைப் பற்றி. ரஞ்சனா லூட்டை மடியில் எடுத்தால், "தேத்தண்ணி போடவே? ஆர் ஆருக்கு வேணும்? சீனி எத்தினை?" பதினொரு வருடத்தில் மகள் வாசித்த ஒரு பாட்டையாவது அவர் முழுதாக இருந்து கேட்டது கிடையாது.

லூட் கைக்கு வந்ததும் ஒரு கல்யாணத்தில்தான். எசெக்ஸ் பக்கம் ஒரு பழைய மாளிகையில் தமிழ்ப் பெண்ணுக்கும் வெள்ளைக்கார மாப்பிள்ளைக்கும் கல்யாணம். பெண்ணை உடுத்தி முடித்து ரஞ்சனா வெளியே வந்தபோது, நடைவழியில் ஒரு வாத்தியக்காரர் லூட்டோடு இருந்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் தேடவேண்டும், இதை ஒரு நிமிடம் பிடிக்கிறாயா என்று கேட்டு அவள் கையில் தந்துவிட்டுப் போனார். வாங்கும்போது வீணையின் பாரத்தை எதிர்பார்த்து அவள் கைகளைத் திடமாக வைத்துக்கொண்டாள். ஆனால் கைகள் தானாக மேலே எழும்பின. உள்ளே ஒன்றுமேயில்லை. கோது மட்டும். தாள்போல மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த வெறும் கோது.

"அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது கஜி, பாட்டு எண்டா பாரமாத்தான் இருக்கவேணும் எண்டில்லை" என்று பிறகொருநாள் சொன்னாள். "வீணை வாசிக்கேக்கை பிழை விட்டிடுவனோ, பிழை விட்டிடுவனோ எண்டுதான் வாசிச்சனான். அம்மா பின்னுக்கு நிண்டு கால் மாத்தி மாத்தி நிக்கிறது மட்டும்தான் எனக்குக் கேட்கும். பாட்டுக் கேட்டதே இல்லை."

வாடகைக்கு ஒரு லூட் எடுத்தாள். ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் சொந்தமாக ஒன்று வாங்கினாள். அவளுக்குப் பிடித்தது ராசா ராணி காலத்துச் சிக்கலான சங்கீதம் அல்ல, அதற்கும் முந்திய பாட்டுகள். யார் கட்டியது என்று பெயர்கூடத் தெரியாதவை. துறையில் படகுக்காக நிற்கும் பெண்ணின் பாட்டு, விடியமுன் எழும்பிப் போகவேண்டிய காதலனின் பாட்டு, யாத்திரை போகிறவர்கள் நடையின் களை தெரியாமல் இருக்கப் பாடிய பாட்டு. அவற்றில் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். கீழே ஒரு நரம்பு விடாமல் சுதி பிடிக்கும். மேலே மெட்டு மட்டும் தனியாக நடக்கும். வகுப்பில் மற்றவர்கள் பியானோ பழகிய காதோடு வந்தவர்கள். மெட்டுக்குக் கீழே இன்னும் ஏதாவது சேர்க்கவேண்டுமே என்று தவித்தார்கள். ரஞ்சனாவுக்கு அந்தத் தவிப்பு இருக்கவில்லை. தான் விட்டுவந்த ஏழு வருடம் வேறு வாசலால் உள்ளே வந்து குந்தியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை.

போன மாசியில் ஒரு மதியம், நகரத்து நடுவில் உள்ள ஒரு பழைய தேவாலயத்தில் ரஞ்சனா வாசிப்பதைக் கேட்க கஜந்தினி வேலையிலிருந்து ஓடிப்போனாள். நாற்பது பேர்வரை இருந்தார்கள், எல்லாரும் வெள்ளைக்காரர். ஒருவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிய சத்தம்கூடக் கேட்கிற அமைதி. அக்கா படகுத்துறைப் பாட்டை வாசித்தபோது கஜந்தினி கதிரை நுனிக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் வீட்டில் ஒருபோதும் காணாத ஒரு விடுதலை இருந்தது. மூன்று வருடம் படித்து, கட்டுரை கட்டுரையாக எழுதி, எந்த ஒரு நாளாவது என் முகம் இப்படி இருந்திருக்குமா என்று யோசித்தாள். பொறாமைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது: இதை அம்மா ஏன் காணவில்லை?

ஆகவே தவநாயகியின் அறுபதாவது பிறந்தநாள் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும் பொறுப்புத் தன்னிடம் வந்தபோது, கேக் வெட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் 'ரஞ்சனா: லூட் இசை' என்று அவள் போட்டாள்.

"விசரே உனக்கு?" என்றாள் ரஞ்சனா. "அம்மா இருந்து கேட்கமாட்டா."

"முன்வரிசையிலை, மாலையும் போட்டு இருத்திவிட்டா எங்கை எழும்பி ஓடுறது?"

"அவ இருந்துகொண்டே ஓடுவா."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ரஞ்சனா சிரிப்பை நிறுத்திவிட்டு, இறகுத் தண்டு ஒன்றை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சரி, வாசிக்கிறன். ஒரே ஒரு பாட்டு. அவ அதைத் துவக்கத்திலையிருந்து முடிவு மட்டும் கேட்டாப் போதும். கேட்கேல்லையெண்டா, இனி அந்த வீட்டுக்குள்ளை நான் இதை எடுக்கமாட்டன் கஜி. கடையிலையே வைச்சிடுவன். இனி எனக்கு ஏலாது."

அந்தக் கடைசிச் சொல்லைக் கஜந்தினி முன்பு கேட்டதில்லை. அக்கா வீணையை விட்ட அன்று அது சொல்லப்பட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஆனாலும் அது எங்கேயிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில். முந்நூறு பேர். மைக் தவநாயகியின் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜாவின் கையில். எந்த விழாவானாலும் மைக் அவர் கையில்தான் போய்ச் சேரும். மூன்று சங்கங்களில் செயற்குழு உறுப்பினர். யாரை எப்போது கௌரவிக்கவேண்டி வருமோ தெரியாது என்று காரின் பின்பெட்டியில் எந்நேரமும் நாலைந்து பொன்னாடை வைத்திருப்பவர்.

கேக் வெட்டியாயிற்று. ரஞ்சனா மேடையில் ஒரு கதிரையில் இருந்து சுதி சேர்க்கத் தொடங்கினாள். லூட்டின் நரம்பு ஆட்டுக்குடலில் திரிப்பது. ஈரமும் சூடும் பட்டால் இறங்கிவிடும். பின்பக்கம் சாப்பாட்டுத் தட்டங்களிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு நரம்பைச் சரிசெய்தால் அடுத்தது இறங்கியது.

மாமா மைக்கில் சொன்னார்: "மருமகள் இன்னும் சுதி சேர்க்கிறா. அதுக்கிடையிலை ஒரு சின்ன அறிவித்தல். வாசலிலை நீல நிற டொயோட்டா விட்டவர் தயவுசெய்து எடுக்கவும். கேட்டரிங் வான் வெளியிலை போகேலாமல் நிக்குது."

ஒருவழியாகப் பாட்டுத் தொடங்கியது. மைக் வழியாக அந்த மெல்லிய சத்தம் மண்டபத்துக்குள் வந்தது. படகுத்துறைப் பாட்டு. முதற் சுற்று. கஜந்தினி அக்காவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் இருந்த தவநாயகி, பக்கத்தில் இருந்த மனோரமா அன்ரியின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மனோரமா கோலாலம்பூரில் பிறந்து, படிக்க லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தவநாயகிக்குப் பக்கத்து வீடு.

முதற் சுற்று முடியும் இடத்தில் ஒரு மூச்சு விடவேண்டும். படகு வருகிறதா என்று அந்தப் பெண் ஆற்றைப் பார்க்கிற இடம் அது. ரஞ்சனா இறகை நரம்பிலிருந்து எடுத்து, அந்த அமைதியை அப்படியே நிற்கவிட்டாள்.

அந்த மூச்சுக்குள் ஸ்ரீஸ்கந்தராஜா மாமா மேடையேறினார். கையில் மடிப்புக் குலையாத பொன்னாடை. "அருமையாக வாசித்த எங்கள் மருமகளைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்!" என்று சொல்லியபடி அதை விரித்துப் போட்டார். சரிகைத் துணி ரஞ்சனாவின் தோளிலிருந்து வழிந்து லூட்டின் நரம்புகள்மேல் விழுந்தது. மண்டபம் கைதட்டியது. படம் பிடிப்பவர் இரண்டு பேர் முன்னால் ஓடிவந்தார்கள்.

"அடுத்ததாக," என்றார் மாமா, "மதிய போசனம்."

முந்நூறு கதிரைகள் ஒரே நேரத்தில் இழுபட்டன. தவநாயகியும் எழுந்தார்.

கஜந்தினி மேடைக்கு ஓடினாள். "மாமா! பாட்டு முடியேல்லை!"

"முடியேல்லையோ?" மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "நிப்பாட்டினாளே பிள்ளை! சினிமாப் பாட்டெண்டா முடிவு தெரியும். உதுக்கு எங்கை வால், எங்கை தலையெண்டு எனக்கென்னண்டு தெரியும்?"

சனம் ஏற்கெனவே தட்டத்தோடு வரிசையில் நின்றது. இனி அவர்களைத் திரும்ப இருத்துவது முந்நூறு பேரின் பசியோடு சண்டை பிடிக்கிற வேலை. மைக்கை வாங்கி ஏதாவது சொல்லலாமா, எல்லாரையும் ஏசலாமா என்று கஜந்தினி நின்றாள். அக்காவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. லூட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற சத்தம் எப்போது கேட்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

கேட்கவில்லை. திரும்பியபோது ரஞ்சனா கதிரையில் இருந்தபடியே மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்ட மேசைகள். ஆவி பறக்கிற சோறு. ஆட்டிறைச்சிக் கறி. ரோல்ஸைக் கடித்துக்கொண்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கூப்பிட்டுக் கதைக்கிற மனிதர்கள். ஓடுகிற பிள்ளைகள்.

"கஜி, இந்தப் பாட்டுகளை எங்கை பாடினவை தெரியுமோ?" என்றாள். "இப்பிடித்தான். பெரிய மண்டபம், விருந்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு, குழறிக்கொண்டு. ஒருத்தரும் அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இருந்து கேட்கேல்லை. பாட்டுக்காரன்தான் மேசை மேசையாப் போவான். நான்தான் இவ்வளவு நாளும் தேவாலயத்துக்குள்ளை வைச்சு வாசிச்சுக்கொண்டிருக்கிறன்."

லூட்டை நின்று வாசிப்பது கடினம். முதுகு உருண்டை. வழுக்கும். தோற்பட்டி ஒன்றும் அவளிடம் இல்லை. அவள் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து ஒருமுறை உதறினாள். நாலு மடிப்பாகக் கையால் நீவினாள். மணப்பெண்ணின் முந்தானையை மடிக்கிற அதே கைகள், அதே வேகம். ஒரு நுனியை லூட்டின் மடிந்த கழுத்தில் சுற்றி முடிந்தாள். மறு நுனியை அடிப்பக்கத்துக் குமிழில் கட்டினாள். தோளால் குறுக்கே விட்டு, சேலையோடு இரண்டு ஊக்குக் குத்தினாள். கைப்பையில் ஊக்கு இல்லாத நாள் அவளுக்குக் கிடையாது. எழுந்து இரண்டு கையையும் விட்டுப் பார்த்தாள். லூட் அசையாமல் நெஞ்சில் கிடந்தது.

மேடையிலிருந்து இறங்கி, வாசலோரத்து முதல் மேசைக்குப் போனாள்.

மைக் இல்லாத லூட் ஒரு மேசைக்கு மட்டும்தான் கேட்கும். அந்த மேசையில் இருந்தவர்கள் முதலில் இவள் ஏதோ கேட்க வந்தாள் என்று நினைத்துத் தட்டத்தை ஒதுக்கினார்கள். பிறகுதான் பாட்டு என்று விளங்கியது. ஒருவர் கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தார். இன்னொருவர் போனில் கதைத்துக்கொண்டிருந்ததை, "பொறு, பிறகு எடுக்கிறன்" என்று வைத்தார். அடுத்த மேசைக்காரர்கள் இவர்கள் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் ரஞ்சனா அங்கே வந்துவிட்டாள். யாத்திரைப் பாட்டுக்கு ஒரு ஐயா மேசையில் தாளம் போட்டார், பிழையில்லாமல். "என்ன பிள்ளை, இது கிறிஸ்தவப் பாட்டோ?" என்று ஒருவர் கேட்க, "நடந்து களைச்ச ஆக்களின்ரை பாட்டு அங்கிள்" என்றாள். "அப்ப எங்கட பாட்டுத்தான்" என்றார் அவர். மேசை சிரித்தது.

கஜந்தினி சுவரோரம் நின்றாள். மண்டபம் அமைதியாகவில்லை. ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு சின்ன அமைதி மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா எங்கே நிற்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். கைதட்டலுக்காக அக்கா எங்கும் நிற்கவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த மேசை. யாரும் அழைக்காமல், அறிமுகம் செய்யாமல், இப்படித் தன்னிடம் இருப்பதைக் கொண்டுபோய் மனிதர்களின் முன்னால் வைக்கத் தனக்கு வருமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கேள்வி முன்புபோல் கசக்கவில்லை.

கடைசியாகத் தவநாயகியின் மேசை.

"தவம், ஒங்க பொண்ணு வர்றா பாருங்க" என்றார் மனோரமா.

"கண்டனான். எனக்கென்ன கண் தெரியாதோ?"

ரஞ்சனா வந்து நின்றாள். தவநாயகியின் வலக்கையில் குழைத்த சோறு. "ரஞ்சி, நீ இன்னும் சாப்பிடேல்லை, அங்கை மீன் முடியப்போகுது, போய் முதல்..." என்று அவர் தொடங்கினார். ரஞ்சனா படகுத்துறைப் பாட்டைத் தொடங்கினாள்.

தவநாயகியின் வசனம் பாதியில் நின்றது.

முதற் சுற்று போனது. மூச்சு விடுகிற இடம் வந்தது. அந்த அமைதிக்குள் ஸ்ரீஸ்கந்தராஜா மாமா தட்டத்தோடு வந்து சேர்ந்தார். "தங்கச்சி, சோடா ஒருத்தருக்கும்..."

"அண்ணை, கொஞ்சம் பேசாமல் இருங்கோ." தவநாயகி மகளை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார். "இன்னும் முடியேல்லை."

மாமா தட்டத்தோடு அப்படியே நின்றார். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. தவநாயகியின் விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. பிறகு, "போ, சாப்பிடு. ஆறப்போகுது" என்றார். அவ்வளவுதான். மனோரமா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வாசிக்குதுலா ஒங்க பொண்ணு" என்றார்.

"ஓமோம்" என்றார் தவநாயகி.

விழா முடிந்து வெளியே வந்தபோது இன்னும் நல்ல வெயில். அப்பாவின் கார் பரிசுப் பெட்டிகளாலும் மிஞ்சின சாப்பாட்டாலும் நிரம்பிவிட்டது. ஈஸ்ட் ஹாமிலிருந்து பார்க்கிங் ரயிலில் ஒரே ஒரு தரிப்பு. "நாங்கள் ரெயினிலை வாறம்" என்று தவநாயகியே சொன்னார். பட்டுச் சேலையும் வாடிய மாலை வாசமுமாக அவர் முன்னால் நடந்தார். படியில் இறங்கும்போது ரஞ்சனா சேலையைத் தூக்கிப் பிடிக்கக் கஷ்டப்பட்டாள்.

"கொண்டா இஞ்சை" என்று தவநாயகி லூட்டுப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். வாங்கிய கை மேலே எழும்பியது. நின்று பெட்டியைப் பார்த்தார். "என்னடி இது, உள்ளுக்கை ஒண்டுமில்லாத மாதிரிக் கிடக்கு."

"அப்பிடித்தான் அம்மா அது."

ரயிலில் கதவோரம் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. ஒரு பெடியன் எழும்பி மூன்றாவதையும் தந்தான். "இருங்கோ அம்மா" என்றாள் கஜந்தினி. தவநாயகி இருக்கவில்லை. கதவோரம் நின்று, பெட்டியை நெஞ்சோடு சாத்திப் பிடித்துக்கொண்டார். ரயில் அசைந்தபோது கால் மாற்றி நின்றார்.

ரஞ்சனா அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டாவது சுற்றிலை," என்றார் தவநாயகி திடீரென்று, ஜன்னலைப் பார்த்தபடி, "ஒரு வரியை விழுங்கிப்போட்டாய்."

கஜந்தினி அம்மாவைப் பார்த்தாள். முதல் தடவை கேட்கிற ஒருவருக்கு ஒரு வரி குறைந்தது தெரியவராது. குசினியில் கேத்திலைக் கொதிக்க வைத்தபடி, சீனி எத்தனை என்று கேட்டபடி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதினொரு வருடமாகக் கேட்ட ஒருவருக்குத்தான் தெரியும்.

ரஞ்சனாவுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். பிழை பிடிபட்ட பிள்ளையின் முகம் ஒரு கணம் வந்துபோனது. பிறகு அவள் சிரித்தாள். ரயில் பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள்.

"ஓம் அம்மா, விட்டிட்டன்."

"ஏன் விட்டனீ? வீட்டிலை வடிவாத்தானே வாசிக்கிறனீ."

"நீங்கள் கதைக்காமல் இருந்தீங்கள். பயந்துபோனன்."

தவநாயகியின் வாய் கோணியது. சிரிப்பை அடக்கும்போது அவருக்கு அப்படித்தான் வரும். பார்க்கிங் வந்தது. கதவு திறந்தது. யாரும் இடிக்காதபடி பெட்டியை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வீட்டை போனதும் அந்த வரியையும் சேர்த்து முழுசா வாசி," என்றார். "தேத்தண்ணியை கஜி போடட்டும்."